தேத்தண்ணி குடித்த கார்

ஒட்டுசுட்டானில் எங்களுக்கு ஒரு வாடகைக் கார் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். நிறம் தவளைப் பச்சை, உருவமும் ஏறக்குறைய அதுதான். தொண்ணூறுகளின் முற்பகுதி, யுத்தத்தில் வன்னிக்குப் பெற்றோல் வரத் தடை. பெற்றோலை மருந்துப் போத்தலில் அடைத்து, சாமியறைக்குள் வைத்துப் பூட்டுகிற காலம். வன்னியில் ஓடிய மற்றக் கார்களைப் போல எங்களுடையதும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. காலையில் பொனற்றைத் திறந்து, எண்ணெயையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேற்றரின் வாய்க்குள் நாலு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி, இயந்திரத்தை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிற மாதிரி ஒரு வேலை.

என் கணவர் அந்தக் காரைப் பற்றி இரண்டு விஷயங்களை உறுதியாக நம்பினார். அதைவிட நல்ல கார் வன்னியில் இல்லை. அவரைவிட நல்ல சாரதியும் இல்லை. கனகராயன்குளத்தில் இருந்த என் அண்ணனிடமும் ஒரு பழைய கார் இருந்தது. அதே நம்பிக்கை அவருக்கும் இருந்தது. இவர்கள் இருவரும் சந்திக்கும்போது நடுவில் நான் இருந்தேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் வேலை அதுதான்.

ஒரு சொந்தக்காரரின் எட்டுச்செலவு வீட்டில்தான் பிரச்சினை முற்றியது. சாப்பாட்டுப் பந்தியில் இருந்த எவரும் செத்தவரைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மாங்குளம் சந்தியிலிருந்து யார் எவ்வளவு கெதியாக வந்தது என்பதுதான் கதை.

"மச்சான், உங்கட கார் ஓடுறதில்லை, உருளுது," என்றார் அண்ணன்.

"உங்கட கார் ஓடுறது எனக்குத் தெரியும். போனமுறை பின்னால நிண்டு தள்ளினவன் நான்தானே," என்றார் இவர்.

கனகராயன்குளத்தில் பொங்கலுக்கு மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி நடத்துகிற குழுவின் தலைவரும் அதே பந்தியில் இருந்தார். அவர் பாயாசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "இதை ஏன் வாயால ஓடுறியள்? இந்தமுறை மாடு ஓடி முடியத் திடலில ரெண்டு காரையும் விடுங்கோ. வெல்லுற ஆளுக்கு ஒரு கலன் மண்ணெண்ணெய்," என்றார். சிரிப்புக்குச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் கை கழுவ எழும்புவதற்கு முன்னரே விஷயம் முடிவாகிவிட்டது.

பந்தயம் என்று சொன்ன நாளிலிருந்து எங்கள் காருக்கு வருத்தம் வந்தது.

சும்மா நிற்கும்போது குலுங்கியது. ஓடும்போது, கொஞ்சம் ஏற்றம் கண்டு காலை அழுத்தினால், முன்னுக்குப் போகாமல் இருமியது. இருமல் முற்றினால் காபரேற்றர் வழியாகப் படீரென்று வெடித்தது. முதல் தடவை வெடித்தபோது எதிர்வீட்டுக் குடும்பம் முழுவதும் பங்கருக்குள் இறங்கிவிட்டது. அவர்கள் ஏறி வருவதற்குள் அடுப்பில் இருந்த மீன்குழம்பு கருகிவிட்டது. அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பக்கத்துக் காணியில் பயிர் செய்த மலையகத்துப் பெண்ணுக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடித்துக்கொண்டது. காட்டோரம் அவளுடைய சோளத்துக்கு யானை வந்துகொண்டிருந்தது.

"அக்கா, உங்க வீட்டுக்கார அண்ணனை எங்க வேலிப்பக்கமா ரெண்டு வாட்டி சுத்திட்டு வரச் சொல்லுங்களேன். நேத்து வெடிச்சதுக்கு ஒண்ணுகூட கிட்ட வரல," என்று அவள் வேலிக்கு மேலால் கேட்டாள்.

இவருக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. "பந்தயக் காரை யானை கலைக்கக் கேக்கிறாள்," என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

வைத்தியம் பார்க்க ஓர் ஆளைக் கூப்பிட்டார். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர், கணவரின் கூட்டாளி. வள்ளங்களின் வெளியிணைப்பு மோட்டர் திருத்துவதில் அந்தக் கரையில் பேர்போனவர். கார் திருத்துவதிலும் பேர்போனவர் என்று அவர் தானே சொல்லிக்கொள்வார். எந்த இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்னும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போடுவார். மூடிய பிறகும் ஒருமுறை போடுவார். இரண்டாவது சிலுவைதான் எனக்குப் பயத்தைத் தரும்.

அவர் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். நன்றாக ஓடுகிற இயந்திரத்தின் பிளக் தேத்தண்ணி நிறத்தில் இருக்குமாம். எங்களுடையது சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருந்தது.

"மச்சான், உன்ர காருக்குப் பசி," என்றார்.

"என்ன கதை கதைக்கிறாய்? நேற்றுத்தானே எண்ணெய் ஊத்தினனான்."

"ஊத்தினாப்போல போதுமோ? உள்ளுக்குப் போகவேணும். எண்ணெயும் காத்தும் கலந்து போறதுதான் அதுக்குச் சாப்பாடு. இப்ப எண்ணெய் குறைவு, காத்துக் கூட. வெறும் காத்தைக் குடிச்சிட்டு வாயால ஏவறையாய் விடுது. அதுதான் இந்த வெடி."

சோக்கை இழுத்துப் பார்த்தார். சோக்கை இழுத்தால் காற்று குறைந்து எண்ணெய் கூடும். இருமல் உடனே தணிந்தது. விட்டதும் திரும்பி வந்தது. "பார்த்தியா?" என்று கைகளைத் தட்டினார். அவர் சொன்னது முழுக்கச் சரி. பசிதான். ஆனால் பசிக்குக் காரணம் என்ன என்பதில்தான் நாங்கள் ஒரு கிழமையைத் தொலைத்தோம்.

முதலில் எண்ணெய் வருகிற குழாய் அடைத்திருக்கிறது என்றார். குழாயைக் கழற்றி ஒரு முனையைக் கணவரின் வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னார். இவர் பந்தய ஆர்வத்தில் முழுப் பலத்தோடு உறிஞ்சினார். குழாயில் ஓர் அடைப்பும் இல்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. ஒரு வாய் மண்ணெண்ணெய் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது. அன்றைக்கு முழுவதும் இவரும் காரும் மாறி மாறி ஏவறை விட்டார்கள். குசினிப் பக்கம் வர வேண்டாம், அடுப்பு எரிகிறது என்று நான் சொல்லி வைத்தேன்.

அடுத்த சந்தேகம் எண்ணெயின் மேல் வந்தது. தீபாவளிக்கு அண்ணன் எங்களுக்கு ஒரு கான் மண்ணெண்ணெய் கொடுத்து விட்டிருந்தார். அதுதான் தாங்கியில் கிடந்தது.

இவர் காரைப் பார்த்தார். கானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்ர கொண்ணர் தண்ணி கலந்து தந்திருக்கிறார்."

"பந்தயம் முடிவானது தீபாவளி கழிஞ்சுதான். அவர் தந்தது தீபாவளிக்கு."

"அவர் முன்கூட்டியே யோசிக்கிற ஆள்."

நான் அந்த எண்ணெயில் கொஞ்சம் எடுத்துக் குப்பி விளக்கில் ஊற்றிப் பற்ற வைத்தேன். தண்ணீர் பட்ட திரிபோலப் பொரியாமல் விளக்கு அழகாக எரிந்தது. அண்ணன் குற்றமற்றவர் என்று நிரூபித்துவிட்டேன். ஆனால் தண்ணீர்க் கதை அதற்குள் எப்படியோ பஸ்ஸில் ஏறிவிட்டது. மறுநாளே கனகராயன்குளத்திலிருந்து பஸ் கொண்டக்டர் வாயிலாகப் பதில் வந்தது: "தண்ணி கலக்கிறதெண்டால் நான் இரணைமடுக் குளத்தையே கலந்திருப்பன். ஓடத் தெரியாதவைக்கு எண்ணெய் ஏன் எண்டு கேக்கச் சொன்னவர்." கொண்டக்டர் இதைப் பஸ்ஸை நிறுத்தி, பயணிகள் எல்லோரும் கேட்கச் சொன்னார். அதோடு மச்சான்மார் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

மூன்றாவது நாள் கடற்கரைக்காரர் புதிய முடிவோடு வந்தார். காபரேற்றருக்குள்ளே ஜெற் என்று ஒரு சிறிய பித்தளைத் துண்டு இருக்கிறது. அதன் ஊசித்துளை வழியாகத்தான் எண்ணெய் போகிறது. அந்தத் துளையைப் பெருப்பித்துவிட்டால் எண்ணெய் கூடும், பசி தீரும்.

"தங்கச்சி, தையல் மிசின் ஊசி ஒண்டு தாங்கோ. நல்ல தடிச்சதாய்."

எனக்கு ஊசி கிடைப்பதே பெரும்பாடு. கொடுத்தேன். அவர் சிலுவை போட்டுவிட்டு, ஜெற்றை விரல்களுக்கிடையில் பிடித்து, ஊசியை விட்டுத் திருகு திருகென்று திருகினார். ஊசி முறிந்தது. இன்னொன்று கேட்டார். இரண்டாவதும் முறிந்தபோது துளை நன்றாகவே பெருத்திருந்தது. பூட்டி ஓடிப் பார்த்ததில் காலை அழுத்தும்போது வந்த இருமல் கொஞ்சம் குறைந்திருந்தது. சும்மா நிற்கும்போது பழையபடி குலுங்கியது, இடைக்கிடை வெடித்தது. மண்ணெண்ணெயை மட்டும் மாடு தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்தது.

"முந்தியிலும் பார்க்கத் திறம்," என்றார் அவர்.

"எதில திறம்? குடிக்கிறதிலயோ?" என்றேன்.

பொங்கலுக்கு முதல் நாள் காலையில் இருவரும் பொனற்றைத் திறந்து, இயந்திரத்தை ஓட விட்டு, செத்த வீட்டில் நிற்பதுபோலக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். நான் இரண்டு கோப்பைகளில் பிளேன்ரீ கொண்டு போனேன். முன்சில்லுக்கு அருகே ஜாக்கி கிடந்ததை நான் காணவில்லை. கால் தடக்கியது. விழாமல் இருக்க மட்கார்டைப் பிடித்தேன். ஒரு கோப்பைத் தேத்தண்ணி அப்படியே இயந்திரத்தின் மேல் கொட்டுண்டது. புகைக்குழாயில் பட்ட பாதி ஸ் என்று ஆவியாகியது. மிச்சம் காபரேற்றரைச் சுற்றி வழிந்தது.

"ஐயோ! என்னடி செய்தனி?" என்று இவர் கத்தினார்.

அந்தக் கத்தலுக்குப் பிறகு ஓர் அமைதி. இயந்திரம் நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நிற்கவில்லை. குலுக்கம் நின்றிருந்தது. புதுக் கார் மாதிரி, பூனை உறங்குவது மாதிரி, மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. மூவரும் பொனற்றுக்குள் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி காய்ந்தது. கார் மறுபடி குலுங்கிப் படீரென்று வெடித்தது. எதிர்வீட்டில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது.

"மற்றக் கோப்பையையும் ஊத்து," என்றார் கணவர்.

"இது உங்களுக்குக் கொண்டந்தது."

"எனக்கு வேண்டாம். ஊத்தடி!"

ஊற்றினேன். உறுமல் மெதுவாகியது. காய்ந்ததும் குலுங்கியது. மூன்றாம் தரம் கடற்கரைக்காரர் தண்ணீரைச் சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வோர் இடமாக விட்டுப் பார்த்தார். காபரேற்றர் இயந்திரத்தோடு சேருகிற பொருத்தில் தண்ணீர் பட்டபோது அது உள்ளே இழுபட்டது. மெல்லிய சீறல் ஒன்று அந்த நேரம் மட்டும் அடங்கியது. பொருத்து வழியாகக் களவாய்க் காற்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. எண்ணெய் குறைந்ததால் வந்த பசி அல்ல. கேட்காமல் நுழைந்த காற்றால் வந்த பசி.

காபரேற்றரைக் கழற்றினார்கள். அடியில் பொருத்தை அடைத்திருக்க வேண்டிய கஸ்கற் மட்டை கருகி, சுருங்கி, ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தது. பால்மாப் பெட்டியின் மட்டை. மாட்டின் பாதிப் படம் இன்னும் அதில் தெரிந்தது.

கடற்கரைக்காரர் அதை நகத்தால் கிள்ளி எடுத்துக் காட்டினார். "எந்த மடையன் மச்சான் இதைப் பால்மாப் பெட்டியில வெட்டினவன்?"

"நீதான். போன வருசம்."

அவர் கொஞ்ச நேரம் மாட்டின் படத்தைப் பார்த்தார். "அப்ப அது நல்ல மட்டையாய்த்தான் இருந்தது," என்றார்.

தடித்த மட்டைக்கு வீடு முழுவதும் தேடினோம். கடைசியில் என் கூறைச்சேலை வைத்திருந்த பெட்டியின் மூடிதான் தோதாக அமைந்தது. அதை வேறொருவரும் தொட நான் விடவில்லை. காபரேற்றரின் அடியைக் கரியால் ஒற்றி அச்செடுத்து, துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் நானே வெட்டினேன். வீட்டில் மிஞ்சியிருந்த சவர்க்காரத் துண்டை இரண்டு பக்கமும் பூசி இறுக்கினார்கள். சவர்க்காரத்தை மண்ணெண்ணெய் கரைக்காதாம்.

கார் இனிமையாகப் பிடித்தது. வெடி இல்லை, குலுக்கம் இல்லை. பின்னால் கொஞ்சம் கறுப்பாகப் புகை வந்தது.

"அது பழைய கரி. வெளியில போகுது," என்றார் கடற்கரைக்காரர். சிலுவை போட்டுப் பொனற்றை மூடினார். எண்ணெயை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதால் ஓடிப் பார்க்காமலே விட்டார்கள். திடலுக்குக்கூட, அந்தப் பக்கம் போன உழவு இயந்திரம் ஒன்றில் கயிறு கட்டி இழுத்துத்தான் போனார்கள். ஊசியால் பெருப்பித்த ஜெற்றை மூன்று பேரில் ஒருவரும் நினைக்கவில்லை.

மறுநாள் கனகராயன்குளத்துச் சவாரித் திடலில் மாடுகள் ஓடி முடித்துக் களைத்து நிற்க, சனம் கலையாமல் நின்றது. திடலின் மறுகோடியில் ஒரு கம்பு நட்டிருந்தார்கள். கார்கள் அதைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். கம்படியில் யார் நடுவர் என்பதில் இழுபறி. ஒரு பக்கத்தார் சொன்ன ஆளை மறுபக்கத்தார் ஏற்கவில்லை. கடைசியில் குழுத் தலைவர் என்னைக் கண்டார்.

"அந்தப் பிள்ளை நிக்கட்டும். ஒருத்தர் புருசன், மற்றவர் அண்ணன். ஆருக்குச் சார்பாய்ச் சொன்னாலும் வீட்டில அடி விழும். இதைவிட நடுநிலை எங்க கிடைக்கும்?"

என் கையில் ஒரு சிவப்புக் கைலேஞ்சியைக் கொடுத்து, வெயிலுக்குள் நடந்து போகச் சொன்னார்கள்.

அண்ணன் பாரத்தைக் குறைக்கக் காரின் கதவுகளைக் கழற்றியிருந்தார். முன்பக்கம் மாவிலை கட்டியிருந்தார். எங்கள் காரில் கணவரும், பக்கத்தில் பெற்றோல் போத்தலோடு கடற்கரைக்காரரும் இருந்தார்கள். ஒலிபெருக்கியில் சவாரிக்குச் சொல்லுகிற அதே குரல், "வெளிக்கிட்டாச்சு! பச்சை நல்ல வேகம், வலப்பக்கத்து மாவிலை..." என்று தொடங்கியது. எங்கள் கார் பாய்ந்து வெளிக்கிட்டதை நான் கண்டேன். அதற்குப் பிறகு ஒன்றையும் காணவில்லை.

பச்சைக் காரின் பின்னாலிருந்து கறுப்பு மேகம் ஒன்று எழும்பித் திடலின் அகலம் முழுவதும் பரவியது. களவுக் காற்றை அடைத்த பிறகு, பெருத்த ஜெற் ஊற்றிய எண்ணெய் எல்லாம் எரியாமல் புகையாய் வந்துகொண்டிருந்தது. காற்று என் பக்கம் அடித்தது. நான் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஒலிபெருக்கிக்காரருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. "முந்துது, முந்துது," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எது என்று சொல்லவில்லை.

புகைக்குள்ளிருந்து பச்சைக் கார் என்னை நோக்கி வந்தது. நான் ஒதுங்க, அதுவும் ஒதுங்கியது. என்னைத்தான் கம்பு என்று நினைத்து, என்னைச் சுற்றித் திரும்பி, நாலு முழம் போய், பிளக்கெல்லாம் கரியடைத்து நின்றுவிட்டது. அதே நேரம் அண்ணனின் கார் கம்பையும் காணாமல், என்னையும் காணாமல், நேரே போய் வாய்க்கால் சேற்றுக்குள் இறங்கியது.

இப்போது நிலைமை இப்படி. அண்ணனின் இயந்திரம் ஓடுகிறது, கார் சேற்றில். எங்கள் கார் நல்ல தரையில், இயந்திரம் செத்துவிட்டது. இரண்டு மச்சான்மாரும் இறங்கி ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"பிள்ளை, அவரிட்டைக் கேள், கயிறு இருக்கோ எண்டு," என்றார் அண்ணன். அவர் கேட்கச் சொன்ன ஆள் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார்.

"கயிறு இருக்கெண்டு சொல்லு. ஆனால் என்ர காரைத் தள்ளி ஸ்ராட் எடுத்தால்தான் இழுக்கலாம் எண்டும் சொல்லு," என்றார் இவர்.

நான் இரண்டு பேரையும் பார்த்தேன். "ரெண்டு பேருக்கும் காது நல்லாய்த்தானே இருக்கு? மூண்டு பேருமாய்த் தள்ளுங்கோ," என்றேன். அதற்குள் கடற்கரைக்காரர் பிளக்குகளைக் கழற்றித் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துப் பூட்டிவிட்டார்.

மூன்று ஆம்பிளைகளும் தள்ளுவதென்றால் ஸ்ரியறிங்கில் ஓர் ஆள் வேண்டும். எஞ்சி நின்றது நான்.

"ரெண்டாம் கியர் போட்டிருக்கு. இடக் காலடியில இருக்கிற கிளச்சை அமத்திக்கொண்டிரு. நான் 'விடு' எண்டால் விடு. அவ்வளவுதான்," என்றார் கணவர்.

தள்ளினார்கள். "விடு!" என்றார். விட்டேன்.

கார் ஒரு துள்ளுத் துள்ளிப் பிடித்துக்கொண்டு பாய்ந்தது. பின்னால் மூன்று பேரும் புகைக்குள் மறைந்தார்கள். "விடு" என்பதற்குப் பிறகு என்ன செய்வது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பயத்தில் வலக் காலை எதிலோ ஊன்றினேன். கார் இன்னும் வேகமெடுத்தது. பின்னாலிருந்து கணவரும் அண்ணனும் ஒரே குரலில் "பிறேக்! பிறேக்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். எது பிறேக் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் மிதித்திருப்பேன்.

புகைக்கு வெளியே பச்சைக் கார் வந்ததும் சனம் ஆர்ப்பரித்தது. உள்ளே நான் இருப்பதைக் கண்டதும் ஆர்ப்பரிப்பு ஒருகணம் நின்று, பிறகு இரண்டு மடங்காகியது. முடிவுக் கோட்டைத் தாண்டினேன். கோட்டுக்கு அப்பால் சவாரி மாடுகளுக்கு வைத்திருந்த வைக்கோல் போர் நின்றது. அதற்குள் மூக்கை நுழைத்த பிறகுதான் கார் நின்றது. தலையில் வைக்கோலோடு என்னை இறக்கினார்கள். மாட்டுக்காரர்கள் திட்டினார்கள். ஒரு மாடு அமைதியாக வந்து பொனற்றின் மேல் கிடந்த வைக்கோலைத் தின்றது.

"வெண்டது என்ர கார்," என்றார் மூச்சிரைக்க வந்து சேர்ந்த கணவர்.

"ஓட்டினது என்ர தங்கச்சி," என்றார் அண்ணன்.

"நீங்கள் தள்ளினது என்னைத் தோக்கடிக்கவோ?"

"நான் தள்ளாட்டில் நீங்கள் இன்னும் அங்கதான் நிப்பியள் மச்சான்!"

பேச்சு நின்ற பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அப்போதுதான். முகத்தில் கரி படிந்து பல் மட்டும் தெரிய நின்று, குரல் கட்டும்வரை பேசினார்கள். குழுத் தலைவர் அவர்களைத் தாண்டி வந்து மண்ணெண்ணெய்க் கலனை என் கையில் தந்துவிட்டுப் போனார். அண்ணனின் காரைச் சவாரி மாடுகள்தான் இழுத்து எடுத்தன.

கடற்கரைக்காரர் பிறகு ஜெற்றின் துளைக்குள் ஒரு செப்புக்கம்பி இழையை விட்டுச் சுருக்கினார். கார் நல்ல பிள்ளையாக ஓடியது. அடுத்த கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, எனக்குக் கார் ஓடப் பழக்குவதென்று இருவரும் முடிவு செய்தார்கள். கணவர் பக்கத்தில் இருந்தார், அண்ணன் பின்னால் இருந்தார்.

"மெள்ள மெள்ளக் கிளச்சை விடு," என்றார் கணவர்.

"அப்பிடி விட்டால் செத்துப்போகும். டக்கெண்டு விடு பிள்ளை," என்றார் அண்ணன்.

"மச்சான், இது என்ர கார்."

"அவ என்ர தங்கச்சி."

முத்தையன்கட்டுப் பக்கம் போகிற வெறும் ரோட்டில் கொஞ்சத் தூரம் அதைக் கேட்டுக்கொண்டு ஓடினேன். பிறகு பிறேக்கைச் சரியாக மிதித்து, காரை ஓரமாக நிறுத்தி, இருவரையும் இறங்கச் சொன்னேன். இறங்கினார்கள். சண்டையை விடாமலே இறங்கினார்கள். நான் தனியாக ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தபோதும் இருவரும் மரநிழலில் நின்று அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். கார் வந்து பக்கத்தில் நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.